வுட்டா, வூலா?

மச்சானின் போன் நேற்றுக் காலை தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது மூன்றாவது. அவரே அலட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். "பிட்காயின் அதுலதான் மாப்ள இருந்துச்சு. போனா போகுது, பேக்கப் இருக்குல்ல" என்று பரண் ஏறினார்.

பிட்காயின் போனுக்குள் இருக்காது, சாவிதான் இருக்கும் என்று அவருக்குச் சொல்லி அலுத்தாயிற்று. சாவியும் உண்மையில், வாலட் எனப்படும் பிட்காயின் பணப்பைச் செயலி முதல் நாளே எழுதிவைக்கச் சொன்ன அந்த 24 வார்த்தைகள்தான். 2048 ஆங்கில வார்த்தைகள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கியவை. வார்த்தைகளும் வரிசையும் கையில் இருந்தால் போன் கிணற்றில் விழுந்தாலும் கவலையில்லை.

பரணிலிருந்து வந்தது டைரியில் கிழித்த தாள். ஜெல் பேனா. இரண்டு பத்தி, பன்னிரண்டு பன்னிரண்டாக. எண் போடவில்லை. கல்யாணத்துக்கு மொய் எழுதினால்கூட மனுஷன் வரிசை எண் போடுவார், இதற்குப் போடவில்லை.

புதுப் போனில் நான் தட்ட, அவர் கூடத்து நடுவில் நின்று தலைப்புச் செய்தி மாதிரி உரக்க வாசித்தார். 24 முடிந்ததும் "தவறான சொற்கள்" என்றது செயலி. "சாஃப்ட்வேர் கோளாறு" என்றார். கோளாறு அவர் கண் போன திசையில். தாளில் எழுதியது மேலிருந்து கீழே, வாசித்தது குறுக்கே. ஒன்று, பதின்மூன்று, இரண்டு, பதினான்கு என்று போயிருக்கிறார்.

இதைச் செயலி கண்டுபிடித்தது செக்சம் என்ற சரிபார்ப்புக் குறியின் தயவால். 24 வார்த்தையில் 264 பிட், அதில் 8 பிட் சரிபார்க்க மட்டும். வரிசை குலைந்தால் 256 தடவைக்கு ஒரு தடவைதான் தப்பித்தவறி ஒப்புக்கொள்ளும். 12 வார்த்தை வாலட்டில் அது வெறும் 4 பிட். அங்கே பதினாறில் ஒரு தடவை தப்பான வரிசையும் 'சரி' என்றாகி, சாவகாசமாக ஒரு காலி வாலட்டைத் திறந்து காட்டும். எண் போடாத தாளுக்கு அதுதான் மோசமான முடிவு.

மேலிருந்து கீழே மறுபடி ஆரம்பித்தோம். பதினேழாவது வார்த்தையில் ஈரம் பட்டு மை பரவியிருந்தது. ஜெல் மை பெரும்பாலும் அப்படித்தான். பென்சிலில் எழுதியிருந்தால் தண்ணீருக்குக் கரையாது, ஆனால் பென்சில் என்றால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். 'வுட்'டா (wood) 'வூல்'லா (wool) என்று தெரியவில்லை. பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது என்பது விதி. இந்த இரண்டும் மூன்று எழுத்து வரை ஒன்றாக வந்து நான்காவதில் பிரிகிறவை. அந்த நான்காவதில்தான் கறை. 'வூல்' போட்டால் செக்சம் தேறவில்லை, 'வுட்' தேறியது. வார்த்தை முழுசாகவே அழிந்திருந்தாலும் 2048-ஐயும் போட்டுப் பார்க்க, செக்சம் சலித்து ஏறக்குறைய எட்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். இரண்டு அழிந்தாலும் கணினி பார்த்துக்கொள்ளும், நேரம்தான் பிடிக்கும். வரிசையே தெரியாவிட்டால் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

வாலட் திறந்தது. இருப்பு: பூஜ்யம்.

மச்சான் உட்கார்ந்துவிட்டார். அக்கா விசிறியோடு வந்தாள். இந்த இடத்தில் பதறக் கூடாது, பாதையைப் பார்க்க வேண்டும். சீட், அதாவது விதை, என்று சொல்லப்படும் அந்த ஒரே 24 வார்த்தையிலிருந்து பல கிளைகள் பிரியும். பணம் வாங்கும் முகவரிகளில் 1-இல் தொடங்கும் பழையவற்றுக்கு 44 என்ற கிளை, 3-இல் தொடங்குபவைக்கு 49, பிசி1க்யூ (bc1q) என்று தொடங்குபவைக்கு 84. செயலி ஒரு கிளையைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கையை விரிக்கும். அவர் யாருக்கோ அனுப்பிய பழைய முகவரி ஒன்று மெயிலில் கிடந்தது. பிசி1க்யூ. 84-ஐத் திறந்தோம். அங்கேயும் பூஜ்யம்.

"பாஸ்ஃபிரேஸ் ஏதாவது வெச்சீங்களா மச்சான்?"

"அதெல்லாம் இல்ல மாப்ள."

அரை மணி நேரம் கழித்து: "என்னமோ ஒண்ணு கேட்டுச்சு. சும்மா வெச்சேன்."

சும்மா வைத்தாராம்! 24 வார்த்தைக்கு மேல் ஒட்டும் இந்தச் சொல்லுக்குச் செக்சமே கிடையாது. எதைப் போட்டாலும் 'தப்பு' என்று வராது. ஒவ்வொரு எழுத்துப் பிழைக்கும் ஒரு புத்தம்புது காலி வாலட் திறக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் கணக்கு. வைத்தது அவருடைய பழைய பைக்கின் பெயர். "என் பேரைக்கூட வைக்கத் தோணல" என்று அக்கா விசிறியை நிறுத்தினாள். ஊருக்கே தெரிந்த பெயரை வைக்காததே நல்லது என்று அவளிடம் அப்போது சொல்ல முடியுமா?

சின்ன எழுத்தில் போட்டோம், முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டோம், முதல் எழுத்து மட்டும் பெரிதாக. மெயிலில் இருந்த முகவரியோடு ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டோம். ஏழாவதில் பொருந்தியது: முதல் எழுத்து பெரிது, கடைசியில் ஓர் இடைவெளி. கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தட்டினால் பின்னாலேயே இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். சில செயலி வெட்டிவிடும், சிலது வெட்டாது. மச்சானின் இருபத்தைந்தாவது வார்த்தையில் இருந்த ரகசியம் அந்த ஒன்றுமில்லாத இடம்தான்.

பணம் கிடைத்ததே என்று அவர் தாளை லேமினேட் செய்யக் கிளம்பினார். உட்காருங்கள் என்றேன். கூடத்தில் நின்று 24 வார்த்தையும் பைக் பெயரும் கூவியாயிற்று, ஜன்னல் வேறு திறந்திருந்தது. அந்த சீட் இனி ஆகாது.

புது வாலட் போட்டோம். 24 வார்த்தை, எண்ணோடு, பென்சிலில், வாய் திறக்காமல். தாள் ஓரத்தில் வாலட்டின் கைரேகை எனப்படும் எட்டு எழுத்துக் குறியும், எந்தக் கிளை என்பதும், எந்தச் செயலி என்பதும். பாஸ்ஃபிரேஸ் மாறினால் கைரேகையும் மாறிவிடும், அதனால் எந்த வாலட்டில் நிற்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரியும். பிறகு செயலியை அழிக்கச் சொன்னேன். "இப்பத்தானே போட்டோம்!" என்று பதறினார். காசு போடும் முன்பே அழித்துவிட்டு, தாளை மட்டும் வைத்து மீட்டு, கைரேகை ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றாகவே வந்தது. அப்புறம் சின்னத் தொகை ஒன்று, அது வந்து சேர்ந்ததும் மீதி.

தாள் நெருப்புக்குத் தாங்காது என்று மாலை எஃகுத் தகடு வந்தது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும், துருப்பிடிக்காத எஃகு ஏறக்குறைய 1400 வரை தாங்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து போதும், மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்காம் கட்டம் காலி. அதிகபட்சம் 96 எழுத்து, ஒன்றுக்கு ஓங்கி ஒரே அடி. இரண்டாம் அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். எழுத்தச்சைத் தலைகீழாகப் பிடித்தால் 'எம்' (M) 'டபிள்யூ' (W) ஆகும், பக்கவாட்டில் பிடித்தால் 'என்' (N) 'இசட்' (Z) ஆகும். மச்சான் மூன்றையும் செய்தார். தப்பினதன் மேல் பெருக்கல் குறி அடித்து, பக்கத்தில் திருத்தி அடித்தோம். பாஸ்ஃபிரேஸுக்குத் தனித் தகடு, தனி இடம். இந்தத் தடவை இடைவெளி இல்லாத சொல், இரும்பில் இடைவெளியை எப்படி அடிப்பது? சொல் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். எந்தத் தகடு எங்கே என்பதும் அவளுக்குத் தெரியும். மச்சானுக்கு ஒன்று ஏற்கெனவே மறந்துவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒருத்தரும் கவனிக்காத ஆள் மருமகன். காலையிலிருந்து அந்தப் பழைய 24 வார்த்தைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே படியில் குதிக்கிறான். முதலில் குறுக்கே வாசித்த வரிசையில்தான் மனப்பாடம், ஆனால் அதைத் திருப்பிப் போட எவனுக்கும் ஐந்து நிமிடம் போதும். காலி வாலட்டுதானே, பாடட்டும் என்று விட்டாயிற்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் திணறி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறான்:

"மாமா, வுட்டா, வூலா?"