டேப் துணி பேசிவிட்டது: வில்லங்கம் எல்லாம் ஓரத்தில்தான்

கேசட் டேப்பை ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, போட்டு நெய்த துணி ஒருவழியாக வாய் திறந்துவிட்டது. டேப் பிளேயரில் ஒலியைப் படிக்கும் ஹெட்டை விரலில் கட்டி இடமிருந்து வலமாக இழுத்தால் 'தகதிமி தகஜணு' என்று சொல் சொல்லாகக் கேட்கிறது. கரகரப்பு உண்டு. ஆனால் சொல் புரிகிறது, அதுதான் வேண்டியிருந்தது.

டேப்பை மோட்டாரில் ஓட்டாமல் கையால் வாசிக்கும் யோசனை பழையது. 1963-இல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் டேப் துண்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஹெட்டைப் பார்வையாளர் கையில் கொடுத்தார். 1977-இல் இசைக்கலைஞர் லாரி ஆண்டர்சன் வயலின் வில்லில் குதிரைமுடிக்குப் பதில் டேப்பைக் கட்டி, ஹெட்டை வயலின்மேல் வைத்தார். டேப்பைத் துணியாக்கியவர் அலிஸ் சாந்தோரோ என்ற கலைஞர். அவருடைய துணியில் தைத்த உடையை ஃபிஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் ஃபிஷ்மன் 2004-இல் மேடையில் அணிந்து, அதையே தடவி வாசித்தார். அந்தத் துணியில் பல டேப்புகளின் ஒலி ஒரே நேரத்தில் கலந்து இரையும். அதற்கு அதுவே அழகு. தாளம் கேட்க வேண்டுமென்றால் கணக்கு வேறு.

பாவு, அதாவது நெடுக்கு இழை, 2/40 பருத்தி (40-ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது), அங்குலத்துக்கு 10 இழை. சாதா நெசவு வேண்டாம். அதில் ஒன்றுவிட்டு ஒரு பாவு இழை டேப்பின்மேல் ஏறுவதால் 5 மி.மீ.க்கு ஒருமுறை ஹெட் தடுக்கி விழும். நாலு விழுதில் (பாவு இழைகளைத் தூக்கும் கண்ணிகள்) 1/3 ட்வில் போட்டு, அதாவது டேப்பை ஒரு பாவு இழைக்கு அடியிலும் மூன்றுக்கு மேலும் விட்டு, டேப் அதிகம் தெரியும் பக்கத்தை முகமாக வைத்தால் அந்தத் தடுக்கல் 10 மி.மீ.க்கு ஒன்றாகக் குறையும். ஒவ்வொரு டேப்புக்குப் பிறகும் 2/80 பருத்தியில் சாதா நெசவாக ஒரு ஊடை. அது இல்லாவிட்டால் துணி வழுக்கிக்கொண்டு உருக்குலையும். டேப்பின் அகலம் 3.81 மி.மீ., அதனால் அங்குலத்துக்கு ஆறுதான். ஏழாவதைத் திணித்து அச்சால் (ஊடையை நெருக்கும் சீப்பு) அடித்தால் டேப் நீளவாக்கில் மடங்கிவிடும், மடிந்த டேப் பேசாது.

இனி ஓரம். டேப்பில் காந்தப் பூச்சு ஒரு பக்கம்தான். கேசட்டின் வாயில் வெளியே பார்த்திருக்கும் பக்கம் அது. நாடாவில் (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) தாரை (அதற்குள் இருக்கும் ஊடைச் சுருள்) வைத்து வழக்கம்போல நெய்தால் ஓரத்தில் திரும்பும்போது டேப் மடிந்து புரள்கிறது, அடுத்த வரிசையில் பூச்சு அடிப்பக்கம் போய்விடுகிறது. சி-90 (90 நிமிட கேசட்) டேப்பின் பாலியெஸ்டர் தளம் ஏறக்குறைய 8 மைக்ரான். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், இதென்ன செய்துவிடும் என்று தோன்றும். வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 1 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 47.6 மைக்ரான். ஹெட்டுக்கும் பூச்சுக்கும் நடுவில் தளம் போடும் இந்த இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து 54.6-ஆல் பெருக்கினால் இழப்பு டெசிபலில் வரும்: 1 கிலோஹெர்ட்ஸில் 9, 5 கிலோஹெர்ட்ஸில் 46. மெய்யெழுத்தெல்லாம் போய் வெறும் முனகல் மிஞ்சும். போதாக்குறைக்கு, திரும்பி வரும் வரிசையில் பதிவும் பின்னோக்கி ஓடும். தாரின் நுனிவழியாக உருவினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு விழுவது தனித் தலைவலி.

ஓரத்தில் 45 பாகையில் இரண்டு மடிப்பு மடித்தால் பூச்சு மறுபடி மேலே வரும். நகத்தால் மடிக்கலாம், பொறுமை வேண்டும், ஆனால் திசைக் கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே தொடர் ஊடையையே கைவிட்டாகிவிட்டது. பத்தமடையில் கோரையை நீளக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பாவுக்குள் செலுத்துகிறார்களே, அதே முறை: நுனியில் பிளவு போட்ட மூங்கில் குச்சி, 56 செ.மீ. டேப் துண்டு, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து, பூச்சு மேல்நோக்கி. துணியின் அகலம் 50 செ.மீ.; இருபுறமும் 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அது தையலுக்குள் மறைந்துவிடும்.

பதிவுக்கு நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்தான் சரி. சாதாரண டெக்கில் ஏ பக்கம் முன்னோக்கியும் பி பக்கம் பின்னோக்கியும் இருக்கும், கை கொஞ்சம் நகர்ந்தால் தலைகீழாகக் கேட்கும். 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 வகை இயந்திரங்கள் நாலு டிராக்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 9.5 செ.மீ. வேகத்தில் பதியும். அலைநீளமும் இரட்டிப்பதால் இடைவெளி இழப்பு பாதியாகும், கைக்கும் அந்த வேகமே இயல்பு. நாலிலும் ஒரே ஒலியைப் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைந்திருக்கட்டும்.

இந்த வேகத்தில் 50 செ.மீ. என்பது 5.26 வினாடி. அதில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 91 என்ற காலப்பிரமாணத்தில் கச்சிதமாக உட்காருகிறது. எண்ணிக்கைக்கு 6.25 செ.மீ. மீதி 6 செ.மீ.யை மௌனமாக விட்டு நடுவில் ஒரு 'டிக்' பதிந்தால் அதுவே வெட்டும் குறி. அளவுகோலை மட்டும் நம்ப வேண்டாம். மோட்டார் வேகம் ஒரு சதவீதம் பிசகினால் வரிசைக்கு 5.6 மி.மீ. நகரும், ஐந்து வரிசைக்கு ஒருமுறை ஹெட்டை வைத்து 'டிக்'கைத் தேடுங்கள். எல்லா வரிசையிலும் சமம் (ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கை) ஒரே கோட்டில் நின்றால் ஹெட் பக்கத்து டேப்புக்குத் தாவினாலும் தாளம் தப்பாது. சி-90 ஒன்றில் 128 மீட்டர் சொச்சம் டேப், 229 வரிசை, 97 செ.மீ. துணி.

கேசட் வாங்குவதில் ஒரு எரிச்சல்: 'புதிது போல' என்று கிலோ கணக்கில் விற்பவர்களிடம் பாதி பூஞ்சை. சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தொடவே வேண்டாம், ஹெட்டில் அப்பிவிடும். சி-120 மெல்லியது, இழுத்தால் நீளும்.

ஹெட் விஷயத்தில் ஸ்டீரியோ ஹெட்டையே எடுங்கள். மோனோ ஹெட்டின் டிராக் 1.5 மி.மீ. அகலம், சாதாரண வேகத்துப் பதிவில் கை 1.8 பாகை சாய்ந்தாலே 1 கிலோஹெர்ட்ஸ் அடியோடு மறையும். ஸ்டீரியோவின் 0.6 மி.மீ. டிராக் 4.5 பாகை வரை தாங்கும், இரட்டை வேகத்தில் இன்னும் தாராளம். இரண்டு சானலையும் ஒன்றாக முறுக்கி இணைக்காமல் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பக்கவாட்டில் நீட்டியிருக்கும் வழிகாட்டிக் கவையை நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவு இழையில் மாட்டும். நறுக்கும்போது முகத்தை மூடி வையுங்கள், இரும்புத் துகள் ஒட்டினால் போயிற்று. ஹெட்டின் உலோக உடலை ஷீல்டு கம்பியோடு சேர்த்து, வாக்மேன் போர்டையே ஹெட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பாக வைத்து, மோட்டாருக்குப் போகும் கம்பியை வெட்டிவிட்டால் போதும். மின்சாரம் இரண்டு ஏஏ பேட்டரி. அடாப்டர் போட்டால் ஹம் என்ற மின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்த ஒரு ஃபெல்ட் திண்டு உண்டு. துணியில் அந்த வேலையை யார் செய்வது? அடியில் 3 மி.மீ. ஃபெல்ட் வைத்ததும் உயர் ஒலிகள் திரும்பின. பருத்திப் பஞ்சு ஹெட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

அடுத்து சட்டைக்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு நோக்கி வாசிக்கும்படி. டேப் கையின் நீளத்தில் ஓட வேண்டுமானால் துணியைக் குறுக்கே வெட்ட வேண்டும். காந்தப் பொத்தான் கூடவே கூடாது, பட்ட இடமெல்லாம் பதிவு அழியும். இஸ்திரி போட்டால் பதிவு அழியாது, தளம்தான் சுருளும். இதற்குள் கண்டசாபுவுக்கு இன்னொரு பாவு ஓட்டலாமா என்று கை துறுதுறுக்கிறது. வரிசைக்கு ஐந்து எண்ணிக்கை, எண்ணிக்கைக்குப் பத்து செ.மீ. வீதம் கணக்கு அழகாக வருகிறது. தறியில் இருக்கும் துணியோ இன்னும் அறுபடவில்லை. கத்தரி வைக்கும் முன் வெட்டுக்கோட்டின் இருபக்கமும் ஒரு தையல் ஓட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டேப் வழுக்கி உருவிக்கொண்டு வந்துவிடும்.