மேடு இல்லாத மேசையில் டாங்கிப் போர் வேண்டாம்

சின்ன டாங்கி மாடல்களை வைத்துப் பகடை உருட்டி ஆடும் மேசைப் போர் விளையாட்டில், பாலைவனப் போர் என்றதும் பலரும் தனுஷ்கோடி மணல்வெளி மாதிரி ஒரு மேசையைப் போட்டுவிடுகிறார்கள். 1941, 42-ல் லிபியாவில் டாங்கிகள் மோதிக்கொண்ட தரை பெரும்பாலும் அப்படி இல்லை. சரளைக்கல் கலந்த கெட்டித் தரை, அங்கங்கே முள்புதர், சட்டென்று கண்ணில் படாத தாழ்ந்த மேடுகள். அந்த மேடுகளை விட்டுவிட்டால் மிஞ்சுவது பகடை உருட்டல்தான்.

1/100 அளவில், அதாவது அசலில் நூறில் ஒரு பங்கில், ஜெர்மன் டாங்கியான பான்சர் 3 சுமார் இரண்டரை செ.மீ. உயரம். ஒன்றரை, ஒன்றே முக்கால் செ.மீ. மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினால் டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) மட்டும்தான் வெளியே தெரியும். எதிரில் பிரிட்டிஷ் படையின் கிரான்ட்டை வையுங்கள். 1942 மே மாதம் லிபியாவின் கசாலாவில் களமிறங்கிய இந்த டாங்கியின் 75 மி.மீ. பீரங்கி டரட்டில் இல்லை; உடலின் வலப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பீரங்கியால் சுட வேண்டுமானால் வண்டி மேட்டுக்கு மேலே ஏறி உடம்பைக் காட்டியே தீர வேண்டும். மறைந்தே நின்றால் டரட்டில் உள்ள 37 மி.மீ. மட்டும்தான் கை கொடுக்கும். ஆனாலும் அந்த 75 அவசியம்; அதால் வெடித்துச் சிதறும் குண்டையும் சுட முடியும். மற்ற பிரிட்டிஷ் டாங்கிகளான குருசேடர், மாட்டில்டாக்களின் 2 பவுண்டர் பீரங்கிக்குக் கவசம் துளைக்கும் குண்டு மட்டுமே கிடைத்தது. வெடித்துச் சிதறும் குண்டு இல்லாமல் ஜெர்மன் 88 மி.மீ. பீரங்கிக் குழுவை அதனால் ஒடுக்க முடியவில்லை. விளையாட்டு விதியில் இந்த வித்தியாசத்தைத் தளர்த்தவே கூடாது.

மேடு செய்ய 12 மி.மீ. தெர்மாகோல், அதன்மேல் 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை). ஆறுக்கு நாலடி மேசைக்கு நாலைந்து மேடு, ஒவ்வொன்றும் ஒரு அடிக்குக் குறையாத நீளம். ஒரு செ.மீ. உயரத்துக்கு மூன்று செ.மீ. சரிவு விடுங்கள், செங்குத்தாக வெட்டினால் டாங்கி வழுக்கி இறங்கும். சரிவுக்கு வால் புட்டி பூசிக் காயவிடுங்கள். வெறும் தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் அரித்துக் குழி விழுந்துவிடும்.

மேலே தூவும் மணல்தான் நம் கரையில் பெரிய தொல்லை. கடற்கரை மணலை அப்படியே ஒட்டினால் உப்பு ஈரத்தை இழுத்து, ஃபெவிகால் இளகி, பெயின்டுக்கு மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல தண்ணீரில் மூன்று நாலு தடவை அலசுங்கள். கடைசித் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் கரிக்கக் கூடாது. வெயிலில் உலர்த்தி டீ வடிகட்டியில் சலியுங்கள்; கிளிஞ்சல் துண்டு தங்கினால் இந்த அளவில் பாறாங்கல்லாகத் தெரியும். ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து பூசி, ஈரத்தோடு மணலைத் தூவுங்கள்.

பாறைக்கு ஓட்டுச்சில்லு அருமையாக இருக்கும். கரை ஒதுங்கிய பவளத் துண்டை எடுக்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புதருக்குத் தேங்காய் நார்.

மேட் வார்னிஷை ஈரக்காற்று வீசும் நாளில் ஸ்ப்ரேயாக அடித்தால் டாங்கி முழுக்க வெண்படலம் படரும். ஐப்பசி, கார்த்திகையில் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ்தான் சரி.