ஆர்டி 350 நாட்குறிப்பு: முதலில் சீல், அப்புறம் ஜெட்

பிப்ரவரி 16, 2025

சித்தப்பாவின் யமஹா ஆர்டி 350 பைக் மதுரை திருநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 1983 முதல் எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத் பெயரில் விற்ற இரட்டை சிலிண்டர் வண்டி. 347 சிசி, ஆறு கியர். இது எல்.டி. (லோ டார்க்) மாடல், 27 குதிரைத்திறன்; எச்.டி. (ஹை டார்க்) மாடலுக்கு 30.5.

கிக்கர் உதைத்ததும் கிளம்பியது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்று அப்புறம்தான் தணிந்தது. வலது சைலன்சரில் வெள்ளைப் புகை. அதில் டூ-டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) வாடை குறைவு, கியர் ஆயில் கருகும் வாடைதான் தூக்கல். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைக் கைகாட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் இறங்காமல் நிற்பது எஞ்சினுக்குள் எங்கோ காற்று புகுவதால் இருக்கலாம். அது எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுவது வீண் வேலை.

மார்ச் 2

இன்று லீக் டெஸ்ட். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தேன், இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்தே. காற்றடிக்க, அம்மாவின் பழைய ரத்த அழுத்தக் கருவி. அதன் முள் 300-ஐத் தொட்டால் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ.; இந்த வேலைக்கு அது போதும். முள் நிற்கவே இல்லை, கண்ணெதிரே சரிந்தது.

சோப்புத் தண்ணீர் தடவியதும் இடது பக்கம், டைனமோவுக்குப் பின்னால் கிராங்க் சீல் (சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. வலது சீல் கிளட்ச் பக்கம் உள்ளே இருக்கிறது, சோப்பு எட்டாது. கியர் ஆயில் ஊற்றும் துளையில் காதை வைத்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் ஆயிலும் அங்கேதான் வந்து நிறைகின்றன. இடது சீல் போனால் வெறும் காற்று உள்ளே புகும். கலவை மெலிந்து சூடேறி, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். புகை கண்ணில் படுவதால் ஜனங்கள் வலதுக்குப் பயப்படுகிறார்கள். எஞ்சினைக் கொல்வது இடதுதான்.

மார்ச் 23

கேஸைப் பிரித்துச் சீல்களை மாற்றியாயிற்று. சிலிண்டர்கள் கப்பலூரில் போர் ஆகி (உள்சுவரைக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டனோடு வந்தன. போர் செய்தவுடன் போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் திறப்பு) ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும். பிஸ்டன் ரிங் மேலும் கீழும் போகும்போது அதில் தட்டினால் உடைந்துவிடும். எமரி பேப்பரை விரலில் சுற்றி ஒவ்வொரு ஓரத்தையும் மழுக்கினேன். நகத்தால் வருடினால் எங்கும் மாட்டக் கூடாது. மதியம் முழுக்க இதற்கே போனது. அவசரப்படக்கூடாத வேலை.

ரிங் மாட்ட வந்த பாய் சொன்னார்: "தம்பி, எக்ஸாஸ்ட் போர்ட்டை லேசா மேல தூக்கி அறுத்துவிட்டா எச்.டி. மாதிரி பறக்கும்."

"வேணாம் பாய், இப்படியே இருக்கட்டும்" என்றேன். போர்ட்டை உயர்த்தினால் மேல் ஆர்பிஎம்மில் சக்தி கூடும், கீழே இழுவை குறையும். பழங்காநத்தம் நெரிசலில் எனக்குக் கீழ் இழுவைதான் வேண்டும். தவிர, அறுத்த இரும்பை ஒட்டவைக்க முடியாது. பாய்க்குக் கொஞ்சம் வருத்தம், ஆனாலும் டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

ஏப்ரல் 13

பாயிண்ட் செட்டிங். பாயிண்ட் என்பது திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன ஸ்விட்ச். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. அப்புறம் டைமிங்: பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பிளக் துளையில் பிஸ்டன் நகர்வை அளக்கும் டயல் கேஜ், பாயிண்டில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு. கிராங்கை மெல்லத் திருப்பினால் முள் ஊர்ந்து வரும். பாயிண்ட் திறக்கிற கணத்தில் பல்பு எரியும். இடது 2 மி.மீ.யில் எரிந்தது. வலது 2.4-இல். இவ்வளவு சீக்கிரம் பொறி விழுந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். சரிசெய்து, மறுபடியும் பார்த்தேன்.

ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்கிலேயே ஆயில் கலக்கச் சொல்கிறவர்கள் இங்கே நிறைய. நான் பம்பை வைத்திருக்கிறேன். ஆக்சிலேட்டருக்குத் தக்கபடி ஆயில் தருவது அது. குழாயில் காற்றுக் குமிழி முழுவதும் போகும்வரை மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் கலந்து ஓட்டினேன்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். வண்டியைத் தொடவில்லை.

ஜூன் 1

ரன்னிங்-இன் (புது பிஸ்டன் படியும்வரை நிதானமாக ஓட்டுவது) முடிந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் உடனே இறங்குகிறது. இனிமேல்தான் ஜெட்.

விடிகாலையில் கிளம்பி செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டி கணவாய். ஏற்றத்தில் மூன்றாவது கியர், முழு ஆக்சிலேட்டர். அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றினேன். முழுத் திறப்பில் பேசுவது மெயின் ஜெட் மட்டும்தான், அதனால் இப்படிப் பார்த்தால்தான் நிறம் பொய் சொல்லாது. இரண்டு பிளக்கிலும் பீங்கான் வெளுத்திருந்தது, கலவை மெலிவு என்று அர்த்தம். காரணம் இருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது எரிய அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். கம்பெனி ஜெட் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கானது. இரண்டிலும் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டு மறுபடி ஏறினேன். செம்பழுப்பு, சரியான நிறம்! கொஞ்சம் செழிப்பாகவே இருக்கட்டும். மார்கழிக் குளிரில் காற்று அடர்ந்து கலவை தானே மெலியும்.

இறக்கத்தில் முன் பிரேக் கைவிட்டது. ஜப்பானில் டிஸ்க்கோடு வந்த வண்டிக்கு இங்கே டிரம் வைத்துவிட்டார்கள், சூடேறினால் பிடிப்பதில்லை. லைனிங் மாற்றக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை உசிலம்பட்டியைத் தாண்டுவதாக இல்லை.