நடுச்சுவர் பொது, செலவு நமது: சாட்ஸ்வொர்த் வீட்டில் அறை சேர்த்த அனுபவம்

1964இல் உருவான சாட்ஸ்வொர்த்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சி கட்டிய வீடுகளில் பல ஜோடி ஜோடியாக நிற்பவை. நடுச்சுவர் இரு குடும்பத்துக்கும் பொது. மேலே ஒரே ஓட்டமாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அப்படிப்பட்ட வீட்டின் பின்பக்கம் ஒரு படுக்கையறையும் குளியலறையும் சேர்த்து, கூரையையும் மாற்றி முடித்த கையோடு எழுதுகிறோம். கான்ட்ராக்டரைத் தேடுவதுதான் முதல் வேலை என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்பே மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, டர்பனின் இன்றைய மாநகராட்சியான எதெக்வினியில் வீட்டின் பழைய பிளானை எடுப்பது. முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் போட்ட கார் ஷெட், நீட்டிய சமையலறை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவற்றையும் புதிய பிளானில் வரைந்து சேர்த்தே ஒப்புதல் வாங்க வேண்டும். மறைத்தால் வீட்டை விற்கும்போதோ காப்பீடு கேட்கும்போதோ சிக்கலாகும். இரண்டாவது, கழிவுநீர்க் குழாய். இந்த மேட்டுப் பகுதிகளில் பொதுக் குழாய் கொல்லைப்புறம் வழியாகவே போகும். மேன்ஹோலை மூடி அறை கட்ட முடியாது. மூன்றாவது, பக்கத்து வீட்டாரின் சம்மதம். பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் நின்று தலையாட்டியது போதாது. எல்லைக்கோட்டுத் தளர்வு (எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைக் குறைக்கும் அனுமதி) தேவைப்பட்டால் பிளானிலேயே அவர் கையெழுத்து வேண்டும்.

பிளான் வரைபவர் தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு மாநகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு முழுமையான விண்ணப்பத்துக்குத்தான். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கட்டு திரும்பி வரும். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: 60 வயது தாண்டிய கட்டடத்தை மாற்ற 1999ஆம் ஆண்டின் மரபுச் சட்டப்படி மாகாண மரபு நிறுவனமான அமாஃபாவின் அனுமதி வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் முதல் வரிசை வீடுகளுக்கு அந்த வயது வந்துவிட்டது.

பிளானில் அடிக்கடி அடிபடுவது ஜன்னல். குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கும், 5 விழுக்காடு திறக்கும் வழியாகக் காற்றுக்கும் வேண்டும். புதிய அறையை ஒட்டிக் கட்டும்போது பழைய படுக்கையறை ஜன்னல் அடைபட்டு, அந்த அறை இருட்டாகிவிடுகிறது. சேர்க்கும் அறையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

நாள் பார்க்கும் விஷயமும் உண்டு. டர்பனில் மழை கோடையில்தான், அதாவது டிசம்பரை ஒட்டி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வறண்ட மாதங்கள், கடைக்கால் குழி தோண்ட நல்ல காலம். நம் பெரியவர்களோ ஆடியில் கடைக்கால் போட விடமாட்டார்கள். வைகாசியிலேயே பூஜை போட்டு கான்கிரீட் ஊற்றிவிட்டால் ஆடி முழுக்கச் சுவர் எழுப்பலாம், யாருக்கும் மனக்கசப்பில்லை. ஆவணிக்குத் தள்ளினால் கூரை வேலை மழைக்குள் போய் விழும். டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழில் மூன்று வாரம் போல மூடிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குள் கூரை ஏறவில்லையென்றால் ஜனவரி மழை உள்ளேதான்.

சரிவான மனையில் ஒரு பக்கம் வெட்டு மண், மறுபக்கம் கொட்டிய மண். இரண்டின் மேலும் ஒரே சுவர் நின்றால் கொட்டிய பக்கம் இறங்கி, மூலையில் படிக்கட்டு போல் விரிசல் வரும். நிரப்பும் மண்ணை 150 மி.மீ. அடுக்காக இறுக்க வேண்டும், அல்லது கடைக்காலைக் கெட்டி மண்வரை இறக்க வேண்டும். சுவர் நெடுக ஓடும் பட்டைக் கடைக்காலின் கனம் 200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கான்கிரீட் ஊற்றுமுன் இன்ஸ்பெக்டர் குழியைப் பார்க்க வேண்டும். மூடியபின் அழைத்தால் தோண்டச் சொல்வார்.

பழைய சுவரோடு புதியதைப் பல் கோத்துக் கட்டாதீர்கள். பழையது அறுபது ஆண்டாக இறங்கி நின்றுவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். இடையில் 10 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் சீலன்ட் அடைப்பதே சரி. செங்கல் கணக்கு: 222 x 106 x 73 மி.மீ. அளவில் ஒற்றைச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 55, இரட்டைச் சுவருக்கு 110. கலவை, ஒரு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு மூன்று தள்ளுவண்டி மணல். வாசல் உடைக்கும் இடத்தில் முன்னழுத்த லின்டல் (திறப்பின் மேல் வைக்கும் கான்கிரீட் சட்டம்) இரு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. சுவரில் அமர வேண்டும். மேலே கட்டிய வரிசைகள் இறுகும்வரை முட்டுக்கொடுப்பை எடுக்கக் கூடாது. லின்டல் தனியாகப் பாரம் தாங்காது, மேலுள்ள செங்கலோடு சேர்ந்துதான் உத்திரமாகிறது.

கூரைதான் பெரிய தலைவலி. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை கிரைண்டரால் அறுப்பது, பிரஷர் வாஷரால் கழுவுவது, உடைத்துக் கீழே வீசுவது எல்லாம் ஆபத்தான நார்த்துகள்களைக் காற்றில் விடும் வேலை. முழுக் கூரையைக் கழற்ற, தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் கான்ட்ராக்டர்தான் வர வேண்டும். நனைத்து, முழுத் தகடாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி, உரிமம் பெற்ற அபாயக் கழிவிடத்தில் சேர்த்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாதிக் கூரையை மாற்றும்போது நடுச்சுவருக்கு மேலுள்ள தகடு யாருடையது என்ற கேள்வி வரும். இரு வீடும் ஒரே நேரத்தில் மாற்றுவது மலிவு. முடியாவிட்டால் வெட்டும் கோட்டை எழுத்தில் முடிவு செய்யுங்கள். கூரை திறந்திருக்கும்போதே நடுச்சுவர் தகட்டின் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். சீலிங்கோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுத் தீ மறு வீட்டுக்குப் போகும்.

பழைய மரச்சட்டத்தின் மேல் கான்கிரீட் ஓடு போடலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஓடு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 50 கிலோ, 0.5 மி.மீ. இரும்புத் தகடு 5 கிலோ. ஓட்டுக்குப் பொறியாளர் கணக்கு வேண்டும். தகட்டுக்கோ எதிர்ப் பிரச்சினை, எடை குறைவதால் காற்று தூக்கும். சட்டத்தைச் சுவரோடு கம்பியால் ஆழமாகக் கட்ட வேண்டும். கடல் காற்றுக்கு வெறும் கால்வனைஸ்டு போதாது, பூச்சுள்ள தகடும் அதற்கேற்ற திருகாணியும் வாங்குங்கள்.

பணத்தை நாளுக்கு ஏற்ப அல்ல, கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள்: தளம், சுவர் உச்சி, கூரை, பூச்சு. விலைப்பட்டியலில் ‘குளியலறை முழுதும்’ என்று ஒற்றை வரி இருந்தால் டைல், குழாய், கீசர் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். தகராறு அங்கிருந்துதான் தொடங்கும். 5 முதல் 10 விழுக்காட்டை மூன்று மாதம் நிறுத்தி வைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரு கனமழை பார்க்காத கூரைக்கு முழுப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியனின் இணக்கச் சான்றிதழ், குழாய்க்காரரின் சான்றிதழ், மாநகராட்சியின் குடிபுகு அனுமதிச் சான்றிதழ் மூன்றும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை.