உனக்கு எப்படி இருந்துச்சு?

2006-இல் இலங்கையிலிருந்து மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: என்ன நடந்தது? அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போன விடியற்காலையிலேயே அது தொடங்கிவிட்டது. காவலுக்கு நின்றவர் கேட்டார், பதிவேட்டில் எழுதியவர் கேட்டார், கேமராவோடு வந்தவர்களும் கேட்டார்கள். பேசாலையில் வீடு, தலைமன்னாரில் படகேறியது, மடியில் மூன்று வயதுப் பிள்ளை. திரும்பத் திரும்பச் சொன்னதில், நான் யோசிக்காமலேயே வாய் அதைச் சொல்லப் பழகிவிட்டது.

"உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று முதலில் கேட்டவர் ஒரு பாம்பன் அக்கா. அவர் கேட்டது ஒரு நாவலைப் பற்றி.

அக்கா கடல்பாசி எடுப்பவர். மூழ்கிப் பாறையில் கைவைத்துப் பாசி பிடுங்குகிற தொழில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பாசிக்குப் போகாத மாதங்களில் நண்டு கம்பெனிக்குச் சதை எடுக்க வருவார். எனக்கும் அங்கே நாள்கூலி வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைக்குள்ளிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்தார். விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம் என்பதால் மடக்கிய விரல் முட்டியால் பக்கத்தைத் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "நீயும் படிப்பியாத்தா?" என்றார். வாசிப்பேன் என்றேன். இரண்டு நாளில் முடித்து என் கையில் கொடுத்தார்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' அது. வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கும் லாஞ்சி என்ற விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் நடக்கும் சண்டை அதில் வருகிறது. இந்தக் கரையில் விசைப்படகுக்கு இன்ன நாள், நாட்டுப்படகுக்கு இன்ன நாள் என்று முறைவைத்துக் கடலுக்குப் போகிறார்களே, அது ஏன் என்று எனக்கு அதுவரை புரிந்திருக்கவில்லை. நாவலை வாசித்த பிறகுதான் இங்கத்தைய கரைப்பேச்சில் பாதியாவது விளங்கியது.

ஆனால் நானும் அக்காவும் மோதிக்கொண்டது வல்லத்துக்காக அல்ல, நாவலின் நாயகி பிலோமிக்காக. காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டப் போகிறான், இவள் அவனை ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் அனுப்பிவிடுகிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "எப்படியக்கா இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாள்?" என்றேன். நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "அவ விட்டுக்குடுக்கலத்தா. விட்டுட்டு நகர்றா. ரெண்டும் வேற." நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் இதே கதைதான். பக்கத்தில் வேலை செய்தவர்கள் பிலோமியை எங்கள் சொந்தக்காரப் பெண் என்று நினைத்துவிட்டார்கள். மாலையில் முகாமுக்குத் திரும்பி, பிள்ளைக்குச் சோறூட்டும்போதும் அடுத்த நாள் அக்காவிடம் என்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்கு வந்த பிறகு, அடுத்த நாளைப் பற்றி நான் ஆசையாக யோசித்தது அப்போதுதான்.

பக்கத்து ஊரான வேதாளையின் லாத்தா அதற்குப் பிறகு எங்களோடு சேர்ந்தார். இங்கே முஸ்லிம்கள் அக்காவை லாத்தா என்பார்கள். அவர் வீட்டில் தைத்துக்கொடுப்பவர். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை அவர்தான் தந்தார். அந்த ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதற்கு எழுகிற எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது லாத்தாவின் குரல் மாறிவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அவர் தந்த இன்னொரு புத்தகம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், அந்த ஊர் முன்பு இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்தவர், 1972-இல் வந்த நாவல். "பொழைக்கப் போனவுகளும் பொழைக்க வந்தவுகளும் இந்த மண்டபம் வழியாத்தான். வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் தோட்டத்துக்குப் போறவுகளை நீ இருக்கிற அதே முகாம்லதான் தங்கவச்சு, சீக்கு இருக்கான்னு பாத்து அனுப்புனாக" என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மேடான் பகுதியை ஆசையாக வாசித்துக்கொண்டு போனேன். பினாங்குக்குப் போகிற தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் கடலில் புயலில் மாட்டுகிற இடம் வந்ததும் மூடிவிட்டேன். அந்தத் தண்ணீர் எனக்குத் தெரியும். அப்புறம் ஏழெட்டு மாதம் புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. லாத்தா திருப்பிக் கேட்கவேயில்லை. ஒருநாள் மட்டும், "தோணி வரைக்கும் வந்துட்டியா?" என்றார். தலையாட்டினேன். "அத அப்புறம் படிச்சுக்க. தாண்டிப் போயி பினாங்கிலேருந்து படி, ஒண்ணும் கெட்டுறாது." அப்படித்தான் முடித்தேன். அந்த அத்தியாயத்தை வாசித்தது மூன்று வருடம் கழித்து, ஒரு பகலில், வாசலில் உட்கார்ந்து. ஒருவருக்கு ஒரு நாவலைப் பரிந்துரைப்பது என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். எதை வாசி என்பதோடு, எந்த இடத்தை இப்போதைக்கு விட்டுவிடு என்றும் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு அந்தப் புத்தகத்தையும் தெரிந்திருக்க வேண்டும், ஆளையும் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கி வாங்கியே வாசித்துக்கொண்டிருந்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று நெடுநாள் மனக்குறை. மகள் கல்லூரிக்குப் போன பிறகு செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எப்படியோ கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கு அருகேயுள்ள நெடுந்தீவில் வாடைக்காற்றுப் பருவத்துக்கு வந்து வாடி என்ற குடிசை போட்டுத் தங்கும் மீனவர்களின் கதை, 1973-இல் வந்தது. பாடசாலைக் காலத்தில் ஊரில் வாசித்தது. மகள் அச்செடுத்துத் தந்த தாள்களை நூலால் தைத்து, இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் அக்காவிடம் கொடுத்தேன்.

போன வாரம் அக்கா தாள்களோடு வந்தார். பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தார். கதிரை, வடிவு, கெதியா, பெடியன் என்று எல்லாம் எங்கள் ஊர்ச் சொற்கள். ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்டார். 'கதைத்தார்கள்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. "பேசுறதத்தான் கதைக்கிறதுன்னு சொல்லுவீங்களா? நீ வந்த புதுசுல 'உங்களோட கதைக்கோணும்'னு சொன்னப்ப, ஏதோ கதை சொல்லப் போறேன்னுல்ல உக்காந்திருந்தேன்."

பத்தொன்பது வருடம் கழித்துச் சொல்கிறார்.

முடிவு எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். "சொல்லிப்புடாத, இன்னும் நாப்பது பக்கம் கெடக்கு" என்று தாள்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.