எந்த சைக்கிள் பாதைக்கு, எந்த நடைபாதைக்கு முதலில் பணம்?

ஒரு வட்டாரம் முழுவதற்குமான நிதி என்றால், நாற்பது திட்டங்கள் வந்து நிற்கும். பணம் எட்டுக்குத்தான் இருக்கும். பாதுகாப்பு, மக்கள் எண்ணிக்கை போன்ற அளவுகோல்களில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் தாள் அந்த எட்டைக் காட்டிவிடும் என்று நம்புகிறோம். தாளுக்குள் நடக்கும் கணக்கைப் பார்க்காமல் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், உண்மையில் தேவையுள்ள இடம் கீழே போய்விடும்.

பாதுகாப்புக்கு வெயிட்டேஜ் (மொத்த மதிப்பெண்ணில் அந்த அளவுகோலுக்கான பங்கு) 30-ஆ, 25-ஆ என்று வாதாடியே கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய சேதம் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும்போது நடக்கிறது. விபத்து எண்ணிக்கை 0 முதல் 12 வரை இருக்கும். ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் குடியிருப்போர் 1,000 முதல் 46,000 வரை இருப்பார்கள். இரண்டையும் அப்படியே வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டினால் விபத்து என்ற அளவுகோல் காணாமல் போகும். அதனால் மிகச் சிறிய மதிப்பைக் கழித்து, வீச்சால் (மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தால்) வகுத்து, 0 முதல் 1-க்குள் கொண்டுவருவது வழக்கம். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 46,000 பேர் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் 6,000-க்குள் என்று வையுங்கள். 6,000 பேர் உள்ள இடத்துக்கு 5,000 ÷ 45,000, அதாவது 0.11 தான் கிடைக்கும். முப்பத்தொன்பது திட்டங்களும் 0.11-க்குக் கீழே நசுங்கிக் கிடக்கும். இப்படி ஒரு மதிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால், எண்ணை விட்டுவிட்டுத் தரவரிசையை வைத்து மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்தது, ஒரே விஷயத்தை மூன்று பெயரில் எண்ணுவது. மக்கள் அடர்த்தி, வேலை இடங்கள், பேருந்து நிறுத்தத்தின் அருகாமை மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தேதான் ஏறி இறங்கும். தலா 10 கொடுத்தால் நகர மையத்துக்கு 30 கொடுத்ததாக ஆகும். இரண்டு அளவுகோல்களின் ஒட்டுறவு (சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.7-ஐத் தாண்டினால் அவற்றை ஒன்றாக்கிவிடலாம்.

விபத்துக் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். நடப்பவர், சைக்கிளில் போகிறவர் அடிபடும் சம்பவங்களில் கணிசமானவை காவல்துறைப் பதிவுக்கே வருவதில்லை. மருத்துவமனைப் பதிவோடு ஒப்பிட்டால் இது தெரியும். விபத்தே இல்லாத சாலை பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. பயந்துபோய் யாருமே அங்கே நடக்காமல் இருக்கலாம். ஒரே ஆண்டில் மூன்று விபத்து நடந்த இடம் அடுத்த ஆண்டு ஒன்றும் செய்யாமலேயே ஒன்றுக்கு இறங்குவதும் உண்டு. ஆகவே குறைந்தது ஐந்தாண்டுப் பதிவை எடுத்துக்கொண்டு, அதோடு சாலையின் அபாயக் கூறுகளையும் சேருங்கள்: வண்டிகளின் வேகம், கடக்க வேண்டிய லேன்கள், ஒரு கடப்பிடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், இரவு வெளிச்சம். வேகத்துக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்கத் தரவை வைத்து, அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மோதப்பட்ட நடையர் இறக்கும் வாய்ப்பு மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் 10 சதவீதம், 68 கி.மீ. வேகத்தில் 50 சதவீதம்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது இணைப்பு. விண்ணப்பங்கள் துண்டுதுண்டாக வருகின்றன, நாமும் துண்டுதுண்டாக மதிப்பெண் போடுகிறோம். சைக்கிளில் போகிறவருக்கோ வீட்டிலிருந்து பள்ளிவரை மொத்த வழியும் வேண்டும். அமெரிக்காவின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் 2012 அறிக்கை, சைக்கிளில் போகிறவருக்கு ஏற்படும் மன அழுத்தத்தை வைத்துச் சாலைகளை 1 முதல் 4 வரை நிலைகளாகப் பிரித்தது; 4 தான் மிக மோசம்: 1 குழந்தைகளுக்கும் ஏற்றது, 2 பெரும்பாலான பெரியவர்கள் ஏற்றுக்கொள்வது. ஒரு வழியின் நிலையை அதன் மிக மோசமான பகுதியே தீர்மானிக்கும். சராசரி எடுக்கக் கூடாது. நான்கு கிலோமீட்டர் அமைதியான தெருக்களுக்கு நடுவே நிலை 4 சந்திப்பு ஒன்று இருந்தால், அந்த வழி முழுதும் நிலை 4 தான். எனவே திட்டத்தின் நீளத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். அது முடிந்தபின் நிலை 1, 2 வழியாகவே புதிதாக எத்தனை வீடுகளிலிருந்து பள்ளி, சந்தை, நிலையம் சென்றடைய முடியும் என்று எண்ணுங்கள். 60 மீட்டர் சந்திப்பு வேலை ஒன்று 3 கி.மீ. புதுப்பாதையைத் தாண்டிப் போவதை அப்போது பார்க்கலாம். இரண்டு திட்டங்கள் சேர்ந்தால்தான் பயன் என்றால், இரண்டையும் ஒரே திட்டமாகவே மதிப்பிட வேண்டும்.

செலவை மதிப்பெண்ணுக்குள் கலக்க வேண்டாம். மதிப்பெண்ணைச் செலவால் வகுத்துப் பார்த்தால் பெயின்ட் கோடுகளே எப்போதும் வெல்லும். ரயில் பாதைக்கு மேலான பாலம் ஒருநாளும் வராது. சிறிய, நடுத்தர, பெரிய என்று நிதியை முன்பே பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் ஒப்பிடுங்கள். தயார்நிலைக்கும் இதே எச்சரிக்கை. வரைபடம் கையில் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்தால், பொறியாளர் வைத்துக்கொள்ள வசதியுள்ள ஊரே ஒவ்வொரு சுற்றிலும் ஜெயிக்கும். நிலம் யாருடையது, மின்கம்பமும் குழாயும் நகர வேண்டுமா, பிறகு பராமரிப்பது யார் என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, அதை நுழைவு நிபந்தனையாக மட்டும் வையுங்கள். வடிவமைப்புக்கென்று தனியே ஒரு பங்கு ஒதுக்கினால் சிறிய ஊர்களும் அடுத்த சுற்றுக்குத் தயாராகும்.

0, 1, 3, 5 என்ற ஒவ்வொரு புள்ளிக்கும் பொருளை முன்பே எழுதிவைத்து, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும். பிறகு ஒவ்வொரு வெயிட்டேஜையும் 5 கூட்டியும் குறைத்தும் மொத்தக் கணக்கையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் முதல் எட்டில் நிற்பவற்றுக்கு விவாதமே தேவையில்லை. 7-ஆம், 11-ஆம் இடங்களுக்கிடையே ஆடுகிற ஐந்தாறுக்கு மட்டும் நேரில் போய், சாயங்காலப் பள்ளி விடும் நேரத்தில் நின்று பார்த்து முடிவெடுங்கள். தேர்வான இடங்களில் வேலை தொடங்கும் முன்பே, இரண்டு வேலை நாட்களிலும் ஒரு விடுமுறை நாளிலும் ஆட்களை எண்ணிவையுங்கள். வேலை முடிந்த பிறகு அதே மாதத்தில், அதே நேரத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.