மேசையில் ஸ்டேட்டிக் பாதுகாப்பு: மேட், எர்த், ரிஸ்ட் ஸ்ட்ராப் வரை

உடலிலும் பொருட்களிலும் சேரும் ஸ்டேட்டிக் சார்ஜ் ஐசி (சிப்) போன்ற பாகங்களைக் கெடுக்காமலிருக்க, வேலை மேசையில் ஆன்டிஸ்டேட்டிக் மேட் விரித்தாயிற்று: 60க்கு 45 செ.மீ., இரட்டை அடுக்கு ரப்பர். எவர்சில்வர் தகடு மலிவாக முடியுமே என்று தோன்றும்; வேண்டாம். சார்ஜ் ஏறிய ஐசியின் கால் தகட்டில் பட்டதும் அத்தனையும் நானோ செகண்டுகளில் பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சல்தான் ஐசியைக் கொல்கிறது. மேட்டின் மேலடுக்கில் 1 மெகா ஓம் முதல் 1000 மெகா ஓம் வரை தடை இருப்பதால் சார்ஜ் நிதானமாக வடியும்.

எர்த் விஷயத்தில்தான் அதிக நேரம் போகும். மூன்று பின் சாக்கெட்டின் மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் உண்டு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வர வேண்டும். 90, 120 என்று ஆடினால் எர்த் அந்தரத்தில் நிற்கிறது. நியூட்ரலையே எர்த்தோடு முறுக்கிவிட்டிருந்தாலும் அளவு சரியாகத்தான் காட்டும், ஆனால் அது ஆபத்து. சந்தேகம் வந்தால் எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கட்டும். மேட்டுக்கு எர்த் எடுக்க, மேல் பின் மட்டும் உலோகமாக உள்ள பிளக்தான் சரி.

நல்ல எர்த் கிடைக்கும்வரை வேலையை நிறுத்த வேண்டியதில்லை. கை, மேட், போர்டின் கிரவுண்ட் மூன்றையும் ஒரே புள்ளியில் இணைத்தாலே பெரும்பகுதி முடிந்தது. சேதம் செய்வது வோல்ட் வித்தியாசம்தான்.

மணிக்கட்டில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பின் வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். கை தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் அதன் வழியே 0.23 மில்லியாம்ப்தான் போகும். அதற்காக மெயின்ஸ் ஓடும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்ட்ராப் கட்டக் கூடாது. சோதிக்க: ஸ்ட்ராப்பைக் கட்டி, மல்டிமீட்டரின் ஒரு புரோபின் உலோக முனையை மறு கை விரல்களால் பிடித்து, இன்னொன்றை வயரின் நுனியில் வையுங்கள். 20 மெகா ஓம் ரேஞ்சில் எண் வந்தால் போதும். வராவிட்டால் ஏசி அறையில் தோல் வறண்டிருக்கும், அல்லது பட்டை தளர்ந்திருக்கும். வயரே இல்லாத ‘வயர்லெஸ் ஸ்ட்ராப்’ வெறும் வளையல்.

தெர்மாகோல், செல்லோ டேப், பிளாஸ்டிக் கவர் இவற்றை எர்த் செய்ய வழியே இல்லை. போர்டிலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். ரோலிலிருந்து டேப்பை இழுத்தாலே ஆயிரக்கணக்கான வோல்ட் உருவாகும். நம் விரலுக்கு 3000 வோல்ட் அளவில்தான் சுருக்கென்று தெரியும். 2என்7000 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் காலுக்கு வரம்பு 20 வோல்ட். பாகங்களைப் போட்டு வைக்கும் ரோஸ் நிறப் பை தானாகச் சார்ஜ் ஏற்றாது, அவ்வளவே. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளி நிறப் பை, அதுவும் வாய் மூடியிருந்தால்.

மிச்சமிருப்பது சால்டரிங் அயன். மூன்று பின் அயனின் நுனியான பிட்டுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் நடுவே ஓரிரு ஓம்தான் இருக்க வேண்டும். கூடினால் பிட்டைக் கழற்றி, உள்ளே படிந்த கருப்பைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.